மேட்னி ஷோவும் ஒரு கருகிய மோட்டாரும்

டிக்கெட் கவுண்டருக்கு நேர் எதிரே, க்யூவை மறித்துக்கொண்டு ஒரு மோட்டார் கிடந்தது.

கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மோட்டார். அதன் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பின்னால் அதை ஏற்றி வந்த மாட்டுவண்டி. வண்டிக்குப் பின்னால் கம்பும் கையுமாக ஒரு கூட்டம்.

நான் போனது படம் பார்க்க. கோடை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை, மேட்னி. வத்தலக்குண்டு ரோட்டில் திண்டுக்கல் ஊர் முடிகிற இடத்தில் இருக்கிற அந்த ஏசி தியேட்டருக்கு மே மாதத்தில் யாரும் படத்துக்காகப் போவதில்லை... குளிருக்காகப் போகிறோம். நான் அங்கே இடைவேளை வரை தூங்கியே பார்த்த படங்கள் நிறைய உண்டு.

அன்று தூக்கம் போயிற்று.

அந்தப் பெண்ணின் பெயர் பாண்டியம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பக்கத்து கிராமம். கணவர் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பு மில்லில் வேலை. மில் பஸ்ஸில் போய் மில் பஸ்ஸில் வருகிறவர். இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம் முழுக்க பாண்டியம்மாள் பொறுப்பு. பந்தலில் காய் திரண்டு வருகிற நேரம். இந்தச் சமயத்தில் தண்ணீர் தவறினால் காய் சுருங்கி உதிர்ந்துவிடும் என்றாள். இந்தக் கோடையில் அவள் மோட்டார் கருகுவது அது மூன்றாவது தடவை.

அதற்கும் தியேட்டருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தது. தியேட்டரும் அந்த கிராமத்து பம்ப் செட்டுகளும் ஒரே மின்சார லைனில் இருந்தன. விவசாயத்துக்கு த்ரீ பேஸ் கரண்ட் விடுவது மதியம். மேட்னி தொடங்குவதும் மதியம். தியேட்டர் ஏசியின் பெரிய கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால் லைனில் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் திணறும், சூடாகும், உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள் கருகும். நாங்கள் உள்ளே குளிரில் கண்ணயர்ந்த மதியங்களில் வெளியே யாருடைய கிணற்றிலோ புகை வந்துகொண்டிருந்தது.

தியேட்டர் முதலாளி நாகலிங்கம் படியிறங்கி வந்தார். அவருடைய பெண் என் பள்ளிக்கூடத்தில், என்னிடம் படித்தவள். என்னைப் பார்த்ததும், "டீச்சரம்மா, நீங்களே நியாயம் சொல்லுங்க" என்று என்னையும் உள்ளே இழுத்தார். மோட்டாரைத் தன் செலவில் புதுக் கம்பி சுற்றிக் கட்டித் தருவதாகவும், வண்டியை எடுக்கச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்.

பாண்டியம்மாள் எழுந்திருக்கவில்லை.

"மோட்டார கட்டித் தந்துருவீக மொதலாளி. கட்டி வர்ற வரைக்கும் கொடிக்குத் தண்ணி யாரு தருவா?"

கம்பு வைத்திருந்தவர்களில் ஒருவன் முன்னால் வந்தான். ஏசி மெஷின் எந்தப் பக்கம் என்று வாட்ச்மேனிடம் கேட்டான். குரலை உயர்த்தாமல்தான் கேட்டான். க்யூவில் நின்ற பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நகர்ந்தார்கள்.

நல்லவேளை, யாரோ சொல்லி மின்சார அலுவலகத்து இன்ஜினீயர் ஜீப்பில் வந்துவிட்டார். விவசாயத்துக்குக் கரண்ட் விடுகிற நேரத்தில் தியேட்டர் கம்ப்ரஸர் ஓடக்கூடாது என்று அங்கேயே தீர்ப்பு சொன்னார். கூட்டம் கலைந்தது. மோட்டார் வண்டியில் ஏறியது.

அன்றைக்கு ஏசி இல்லாமல் படம் ஓட்டினார்கள். பாதிப் பேர் இடைவேளையில் எழுந்து போனார்கள். நாகலிங்கம் என்னிடம் கலங்கிப்போய்ப் பேசினார். அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரில் ஆளாளுக்கு வீடியோ டெக்கும் கலர் டி.வி.யும் வாடகைக்கு எடுத்து, ராத்திரிக்கு மூன்று படம் பார்க்கிறார்கள். "எங்கிட்ட மிச்சம் இருக்கது இந்தக் குளிரு ஒண்ணுதான் டீச்சரம்மா" என்றார்.

இந்த இடத்தில் ஜோசப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தியேட்டரின் ஏசி இன்ஜினீயர். டிப்ளமா படித்தவர். அதற்கு முன் எங்கேயோ ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை பார்த்தவர். பால் காலையிலும் மாலையிலும் மொத்தமாக வந்து இறங்கும். வந்த உடனே குளிர வைக்க வேண்டும். அவ்வளவு பெரிய மெஷின் போடக் கட்டுப்படியாகாது. அதனால் பால் வராத நேரத்தில் சின்ன மெஷினை ஓட்டி, ஒரு தொட்டியில் ஐஸ் கட்ட வைத்துவிடுவார்களாம். பால் வந்ததும் அந்த ஐஸ் தண்ணீரைச் சுற்றவிட்டால் போதும். கரண்டே நின்றாலும் பால் தப்பிக்கும்.

அதையே தியேட்டருக்குச் செய்தால் என்ன என்றார் ஜோசப்.

கரண்டை மூட்டை கட்டி வைக்க முடியாது. குளிரைக் கட்டி வைக்கலாமே! காலையில் லைன் சும்மா இருக்கும்போது கம்ப்ரஸரை ஓட்டி ஐஸ் பிடிக்க வைப்பது. மேட்னிக்குக் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, ஐஸ் தண்ணீரை மட்டும் பம்ப் பண்ணிக் காற்றைக் குளிர வைப்பது. அந்த பம்ப்புக்கும் ஃபேனுக்கும் வேண்டிய கரண்ட், கம்ப்ரஸர் இழுப்பதில் சிறு பங்குதான்.

சைக்கிள் ஸ்டாண்டில் பாதியை இடித்து, இரவு பகலாக வேலை பார்த்துத் தொட்டி கட்டினார்கள். தரைக்குள் ஆள் கழுத்து ஆழம். உள்ளே சுவரையொட்டி தெர்மோகோல், அதன் மேல் சிமென்ட். நடுவில் வரிசை வரிசையாக வளைந்து ஓடும் குழாய்கள். அவற்றின் மேல்தான் ஐஸ் பிடிக்கும். மேலே பலகை மூடி.

கிராமத்தில் ஒருவரும் நம்பவில்லை. ஐஸை வைத்து தியேட்டரைக் குளிர வைக்கப் போகிறார்களாம் என்று சிரித்தார்களாம். சத்தமில்லாமல் கம்ப்ரஸரை ஓட்டிவிடுவார்கள் என்று சந்தேகம். அதனால் பாண்டியம்மாள் ஒரு நிபந்தனை போட்டாள் — முதல் நாள் மேட்னி முடிகிறவரை நான் மெஷின் ரூமில் உட்கார்ந்திருப்பேன்.

ஆண்கள் மட்டும் வேலை செய்கிற இடத்தில் ஒரு பெண் தனியாக எப்படி என்று நாகலிங்கம் தயங்கினார். "அந்த டீச்சரும் கூட இருக்கட்டும்" என்று அவள் சொல்லிவிட்டாள். என்னை எதற்காகத் தேர்ந்தெடுத்தாள்? அன்றைக்கு க்யூவிலிருந்து ஓடாமல் நின்றவள் நான் ஒருத்திதானாம். பயத்தில் கால் நகரவில்லை என்பதை நான் அவளுக்கு விளக்கவில்லை.

போன மாதக் கடைசி சனிக்கிழமை. புதுப்படம். ஹவுஸ்ஃபுல்.

அன்று பாண்டியம்மாளின் கணவர் மில்லுக்கு லீவு போட்டுவிட்டுக் கிணற்றடியில் நின்றார். புதிதாகக் கட்டி வந்த மோட்டார். இன்னொரு தடவை கருகினால் இந்த வருஷத் திராட்சை அவ்வளவுதான். பத்து நாளாகச் சரியான தண்ணீர் இல்லாத கொடி.

படம் தொடங்குவதற்கு முன் ஜோசப் கம்ப்ரஸரை நிறுத்தினார். அதோடு விடவில்லை. ஸ்விட்ச் போர்டிலிருந்து கம்ப்ரஸரின் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் உருவி எடுத்துப் பாண்டியம்மாளிடம் கொடுத்தார். அவள் அவற்றை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

போர்டின் மேலே வோல்ட் மீட்டர். முள் எந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் மோட்டாருக்கு ஆபத்து என்று ஜோசப் காட்டியிருந்தார். நாங்கள் இருவரும் அதற்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். அவள் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மதியக் கரண்ட் வந்தது. கிராமத்தில் மோட்டார்கள் ஓடத் தொடங்கின. முள் லேசாக ஆடி, கொஞ்சம் இறங்கி, நின்றது. இறங்கக்கூடாத கோட்டுக்கு நல்ல மேலேயே நின்றது.

பாண்டியம்மாள் முதல் தடவையாக மூச்சு விட்டாள். திராட்சையைப் பற்றிப் பேசினாள், கொத்துக் கொத்தாக. எனக்கே மனசு லேசானது. நாகலிங்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஊட்டி மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இடைவேளை வரைதான் ஊட்டி.

அதற்குப் பிறகு தியேட்டருக்குள்ளிருந்து விசில் சத்தம் கேட்டது. பாட்டுக்கு அடிக்கிற விசில் இல்லை. விடாமல் அடிக்கிற விசில். ஜோசப் தொட்டிக்கு ஓடினார். வெளியே வரும் குழாயைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. தண்ணீர் குளிர்ச்சியாக இல்லை.

ஐஸ் தீர்ந்துவிட்டதா? பலகையைத் தூக்கிப் பார்த்தால் தொட்டி நிறைய ஐஸ். அதுதான் வினை. முதல் நாள் என்ற பயத்தில் காலை முழுக்கக் கம்ப்ரஸரை ஓட்டியிருந்தார்கள். குழாய்க்குக் குழாய் தனித்தனியாக நிற்க வேண்டிய ஐஸ், ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிட்டது. தண்ணீர் அதற்குள் நுழைய வழியில்லாமல் ஒரு ஓரமாக வந்து, ஒரு ஓரமாகவே போய்க்கொண்டிருந்தது. தண்ணீரைக் கலக்கிவிடுவதற்காக அடியிலிருந்து காற்று ஊதுகிற ப்ளோயரின் பெல்ட்டும் அந்த நேரம் பார்த்து அறுந்திருந்தது. பெல்ட் வாங்க ஒருவரை சைக்கிளில் கடைத்தெருவுக்கு விரட்டினார்கள்.

நாகலிங்கம் வந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உள்ளே குளிர் நின்றுபோய் இருப்பதாகவும், பால்கனியில் ஒரு பெரியவர் மயங்கிவிட்டதாகவும் சொன்னார். எல்லாக் கதவையும் திறந்துவிட்டாராம். திறந்த கதவு வழியாக வெக்கைதான் உள்ளே வருகிறதாம். ஸ்க்ரீனைக் கிழிப்போம் என்று முன்வரிசை எழுந்து நிற்கிறதாம்.

"இந்தாம்மா, கட்டையக் குடு. செத்த நேரம் ஓட்டி நிறுத்திருவோம்."

பாண்டியம்மாள் எழுந்து நின்றாள். ஒரு கை இடுப்பு முடிச்சின் மேல். முள்ளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

ஏன் என்னைப் பார்த்தாள்? எனக்கு மட்டும் என்ன தெரியும்? உள்ளே நூற்றுக்கணக்கில் ஜனம். அதில் கைக்குழந்தைகள் உண்டு. வெளியே ஒரு குடும்பத்தின் ஒரு வருஷம், ஒரு முள்ளின் அசைவில். கொடு என்று சொல்ல வாயெடுத்தேன். கொடுக்காதே என்று சொல்லவும் வாயெடுத்தேன். வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் உங்களுக்கெல்லாம் அறிவுரை எழுதுகிறவளின் லட்சணம் இது.

"மயங்குனவரு எப்படி இருக்காரு?" என்று அவள் கேட்டாள்.

வெளியே நிழலில் படுக்கவைத்து சோடா கொடுத்ததில் கண் விழித்துவிட்டார் என்றார் நாகலிங்கம்.

அவள் ஜோசப் பக்கம் திரும்பினாள். "ஐசு கெடக்குதுல்ல? அத ஒடச்சு விட்டா குளுருமா, குளுராதா?"

குளிரும் என்றார் ஜோசப். ஆனால் கடப்பாரையைப் போட்டு இடிக்க முடியாது. குழாய் உடைந்தால் உள்ளே ஓடுகிற குளிரூட்டும் கேஸ் வெளியே வந்துவிடும்; அங்கே நிற்கிற யாருக்கும் நல்லதில்லை. கையால்தான் பக்குவமாகத் தட்டிப் பிரிக்க வேண்டும்.

போஸ்டர் கட்டுகிற மூங்கில்களை எடுத்துவந்தார்கள். ஆளுக்கொரு மூங்கிலைப் பிடித்துக் குத்தினோம், கலக்கினோம். நானும்தான். நாகலிங்கமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். இந்தப் பக்கத்து ஐஸ் பிளந்தது. தியேட்டர் சுவரை ஒட்டியிருந்த எதிர் ஓரம் மூங்கிலுக்கு எட்டவில்லை. தண்ணீர் வெளியேறுகிற வாயே அங்கேதான் இருந்தது.

சுவருக்கும் குழாய்க்கும் நடுவில், ஒல்லியான ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு சந்து. ஜோசப் ஆள் பருமன். நாகலிங்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான்... விடுங்கள்.

பாண்டியம்மாள் சேலையை வரிந்து கட்டினாள். ஜோசப் தடுத்தார், தாங்க முடியாத குளிர் என்றார்.

"கெணத்துல எறங்கித் தூர் வாருனவதான் நான். அந்த மரச் சுத்திய இப்படிக் குடுங்க" என்றாள்.

இறங்கிவிட்டாள்.

நெஞ்சுவரை ஐஸ் தண்ணீர். இறங்கியதும் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு சுத்தியலின் சத்தம் மட்டும்தான். தட்டினாள், ஐஸ் துண்டு பெயர்ந்து மிதந்தது. அதை நாங்கள் மூங்கிலால் இந்தப் பக்கம் இழுத்தோம். மறுபடி தட்டினாள். குழாயில் படாமல், இரண்டு குழாய்க்கு நடுவில் பார்த்துப் பார்த்து. போதும், ஏறி வா என்று நான் சொன்னேன். இன்னும் ஒரு வரிசை என்றாள். அதை முடித்ததும் இன்னொரு வரிசை.

ஜோசப் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் குளிர்ந்துவிட்டது என்று கத்தினார்.

அப்போதுதான் கவனித்தேன். சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து சரிந்திருந்தாள். உதடு கறுத்திருந்தது. கூப்பிட்டேன், என்னைப் பார்த்தாள், ஆனால் கையை நீட்டத் தெரியவில்லை அவளுக்கு. விரல் மடங்கவில்லை. தண்ணீர் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நாகலிங்கம் தொட்டி விளிம்பில் குப்புறப் படுத்து அவள் இரண்டு கைகளையும் பிடித்தார். ஜோசப் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டார். அவளுடைய சேலை குழாயில் மாட்டிக்கொண்டது. நான் பாதி உடம்பை உள்ளே விட்டு அதைக் கிழித்து எடுத்தேன். எப்படித் தூக்கினோம் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. தூக்கிவிட்டோம்.

வெளியே கொண்டுபோய் வெயிலில் உட்கார வைத்தோம். ஆமாம், அதே மே மாத வெயிலில். டிக்கெட் கிழிக்கிற பெண் டீ கொண்டுவந்தாள். என் கைக்குள் வைத்து அவள் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மீன் மாதிரி சில்லென்றிருந்தன. பல் கிட்டியது. கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் வந்தது. நடுங்க ஆரம்பித்தால் நல்லதுதான் என்றார் ஜோசப். அவள் நடுங்கியதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

பேச்சு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "முள்ளு எங்க நிக்குது?"

ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். அசையவே இல்லை. அசையாத அந்த முள்ளுக்கு நான் அன்றைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

தியேட்டருக்குள் விசில் அடங்கியிருந்தது. பெல்ட் வாங்கப் போனவர் வந்து சேர்ந்தபோது க்ளைமாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. படம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். சிலர் வியர்வையோடு திட்டிக்கொண்டும், சிலர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டும். பின்பக்கத்தில் என்ன நடந்தது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

மதியக் கரண்ட் நின்ற கொஞ்ச நேரத்தில் பாண்டியம்மாளின் கணவர் சைக்கிளில் வந்தார். கடைசி வரிசைக் கொடி வரைக்கும் தண்ணீர் பாய்ந்துவிட்டது என்று சொல்ல வந்தவர், மனைவி ஸ்வெட்டருக்குப் பதிலாக தியேட்டரின் பழைய வெல்வெட் திரையைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். (திண்டுக்கல்லில் மே மாதத்தில் ஸ்வெட்டருக்கு எங்கே போவது?) அவர் திட்டுவார் என்று நினைத்தேன். கீழே உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

ஃபியூஸ் கட்டைகளை அவிழ்த்து அவள் நாகலிங்கத்திடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கரண்ட் நேரத்தில் அவை அவளிடமே இருக்கட்டும் என்றார். தினமும் இதற்காக டவுன் பஸ் ஏறி வர முடியாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் அவள். அவர் அவற்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இப்போது மேட்னி தினமும் ஐஸில்தான் ஓடுகிறது. எவ்வளவு நேரம் ஐஸ் கட்டினால் போதும் என்பது ஜோசப்புக்குப் பிடிபட்டுவிட்டது. இரண்டு பெல்ட் ஸ்பேர் வாங்கித் தொங்கவிட்டிருக்கிறார். எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். கடும் வெயில் நாளில் கடைசி அரைமணி கொஞ்சம் புழுங்கத்தான் செய்கிறது. கிராமத்தில் இன்னமும் சிலர் தியேட்டரைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். வேறு காரணத்தில் ஒரு மோட்டார் கருகினாலும் பழி தியேட்டருக்குத்தான். ஆனால் பாண்டியம்மாள் தோட்டத்தில் திராட்சை கறுக்கத் தொடங்கிவிட்டது. நானே போய்ப் பார்த்தேன். பந்தலுக்குக் கீழே குனிந்து நடக்க வேண்டியிருந்தது.

அவள் பாதத்தில் இரண்டு விரல் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. டாக்டர் சரியாகிவிடும் என்கிறார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. நம் ஊரில் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லை என்கிறோம். எல்லா நேரத்திலுமா இல்லை? எல்லோரும் ஒரே நேரத்தில் கை நீட்டுகிறோம். அந்த நேரம் ஒருவர் கையில் கிடைப்பது இன்னொருவர் கையிலிருந்துதான் போகிறது. எதிரே இருப்பவரின் முகம் தெரியாததால் நிம்மதியாக ஸ்விட்சைத் தட்டுகிறோம். எனக்கு ஒரு முகம் தெரிந்துவிட்டது, உதடு கறுத்த முகம். இனி அவ்வளவு நிம்மதியாக முடியாது.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் எங்கள் தெரு முழுக்க கிரைண்டர் ஓடும். பல்பெல்லாம் மஞ்சளாக மங்கும். எங்கள் வீட்டு மாவாட்டலை விடிகாலைக்கு மாற்றிவிட முடிவு செய்திருக்கிறேன். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் எழுந்திருப்பவர் என் கணவர் ஒருவர்தான்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை... இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.